இரண்டாவது கிளையன்டைக் கவனியுங்கள்

கேள்வி: கசாண்ட்ரா டேட்டாபேஸில் பிரிப்பேர் செய்து வைத்த குவெரி, டேபிளில் புது காலம் (நெடுவரிசை) சேர்த்தபின் தப்பான விடை தருமா? எப்படிச் சோதிப்பது?

பதில்: பழைய புரோட்டோகாலில் தரக்கூடும். ‘செலக்ட் *’ குவெரியைப் பிரிப்பேர் செய்யும்போது, காலங்களின் பெயர், வகை ஆகியவற்றை சர்வர் சொல்லிவிடும். டிரைவர் அதைச் சேமித்துக்கொள்ளும். பிறகு வருவது வெறும் தரவுதான்.

சாவியில் சேராத சாதாரணக் காலங்கள் அகர வரிசையில் வரும். ‘ஏ’, ‘சி’ இருக்கும் டேபிளில் ‘பி’யைச் சேர்த்தால், பழைய விவரத்தை நம்பும் டிரைவர் ‘பி’யின் மதிப்பை ‘சி’ என்று படித்துவிடும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் பிழைச் செய்திகூட வராது, அதுதான் ஆபத்து.

சோதனைக்கு இரண்டு கிளையன்ட் கட்டாயம் வேண்டும். இரண்டிலும் ஒரே குவெரியைப் பிரிப்பேர் செய்து, ‘ஆல்டர் டேபிள்’ ஓட்டுங்கள். சர்வர், பிரிப்பேர் செய்து வைத்திருந்த பழைய குவெரியை நீக்கிவிடும். முதல் கிளையன்ட் குவெரியை ஓட்டும்போது அதை மறுபடி பிரிப்பேர் செய்துகொள்ளும். குவெரியின் அடையாளம் மாறாததால், இரண்டாவதற்கு எச்சரிக்கையே கிடைக்காது. அது படிக்கும் மதிப்புகளைத்தான் சரிபார்க்க வேண்டும்.

2021-இல் வந்த 4.0 பதிப்பின் ஐந்தாம் புரோட்டோகால், விடை விவரத்துக்கும் தனி அடையாளம் தந்தது. அது பொருந்தாவிட்டால் சர்வர் புது விவரத்தையும் சேர்த்தே அனுப்பும்.