எது ஆண், எது பெண்? கடல் மீன் தொட்டியின் முன் ஒரு பாடம்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில் உள்ள ஒரு கடலோரப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர்களை விழிஞ்ஞத்துக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 'சாகரிகா' என்ற கடல் மீன் காட்சியகத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். கோமாளி மீன் தொட்டியின் முன் பிள்ளைகள் நகராமல் நின்றுவிட்டார்கள். ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் கடல் சாமந்தியின் இழைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. ஒன்று பெரியது, ஒன்று அதைவிடச் சிறியது, மேலும் இரண்டு குட்டி மீன்கள்.

"சார், இதுல ஆணு எது, பெண்ணு எது?" என்று ஒரு மாணவி கேட்டாள். தாய் தலைச்சுமையாக மீன் விற்பவர்.

நான் யோசிக்கவே இல்லை. "பெருசா, பளிச்சுனு இருக்கு பாரு, அதுதான் ஆண்" என்றேன். மயில், சேவல், சிங்கம் என்று ஆண்டுதோறும் சொல்லிப் பழகிய வாய். பக்கத்தில் நின்ற காட்சியக ஊழியர் சிரித்துக்கொண்டே, "அதுதான் சார் பெண்ணு. அடுத்த சைஸ் ஆணு. குட்டி ரெண்டும் இன்னும் ஒண்ணும் ஆகல்ல" என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "நான் சொன்னது தப்பு, அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியபின் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலோரத்தில் பணியாற்றும் எந்த ஆசிரியரிடமும் இந்தக் கேள்வி என்றாவது வரும்.

கோமாளி மீனில் ஆணையும் பெண்ணையும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கூட்டத்தில் அதன் இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு கடல் சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்த அளவில் இருப்பது அதன் இணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாமல் காத்திருப்பவை. அந்தப் பெண் இறந்துவிட்டால் புதுப் பெண் வெளியிலிருந்து வருவதில்லை. ஆணாக இருந்ததே பெண்ணாக மாறும், காத்திருந்தவற்றில் பெரியது வளர்ந்து ஆணாகும். இதை ஃபிரிக்கே தம்பதியர் 1977இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆணாக இருக்கும்போதே அதன் இனப்பெருக்க உறுப்பில் சினையகத் திசுவும் சேர்ந்தே இருப்பதால்தான் இந்த மாற்றம் இயல்கிறது. 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாய் மீன் இறந்த பிறகு அப்பா மீன் மகனைத் தேடிப் போகிறது. உண்மைக் கடலில் அந்த அப்பா அம்மாவாகியிருக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

வண்ணமீன் வளர்ப்பவர்கள் இந்த அறிவை நடைமுறையில் பயன்படுத்துகிறார்கள். ஜோடி வேண்டுமென்றால் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று தேடுவதில்லை. ஒன்று சற்றுப் பெரியதாக இரண்டு இளம் மீன்களை ஒரே தொட்டியில் விடுகிறார்கள். எது மேலாதிக்கம் செய்கிறதோ அது பெண்ணாகும், பணிந்து உடம்பைச் சிலிர்ப்பது ஆணாகும். முதிர்ந்த பெண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் சண்டைதான். முட்டையிட்ட பிறகு விசிறிக்கொண்டும் வாயால் சுத்தம் செய்துகொண்டும் காவல் காப்பது பெரும்பாலும் ஆண். முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

இதற்கு நேர்மாறானதும் அதே பவளப்பாறைகளில் உண்டு. மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய ஆண், அதைச் சுற்றிப் பல பெண்கள் என்று வாழ்கிறது. ஆண் மறைந்தால் பெண்களில் பெரியது சில மணி நேரத்திலேயே ஆணைப் போல மற்றவற்றை விரட்டத் தொடங்கும். இரண்டு மூன்று வாரங்களில் அதன் உடலில் விந்தணுவும் உருவாகிவிடும். ராபர்ட்சன் 1972இல் இதை வெளியிட்டார். ஏன் ஒன்று இப்படி, இன்னொன்று அப்படி? கிசெலின் 1969இல் முன்வைத்த விளக்கம் மாணவர்களுக்கும் புரியும். எந்தப் பாலாக இருக்கும்போது பெரிய உடம்பு அதிக வாரிசு தருமோ, அந்தப் பால் வாழ்வின் பிற்பகுதியில் வரும். கோமாளி மீன் ஒரே இணையோடு சாமந்தியை விட்டு நகராமல் வாழ்கிறது. அங்கே உடம்பு பெரிதானால் முட்டை கூடும், ஆகவே பெரியது பெண். துப்புரவு மீனில் பெரிய ஆண் பல பெண்களைத் தன் எல்லைக்குள் வைத்துக் காக்கிறது. சின்ன ஆணுக்கு அங்கே வாய்ப்பில்லை, ஆகவே சின்னதாக இருக்கும்வரை பெண்.

எல்லாக் கடல் மீனும் இப்படிக் குழப்புவதில்லை. கடல் குதிரையைப் பார்த்தவுடன் சொல்லலாம். வயிற்றின் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருந்தால் ஆண். பெண் அந்தப் பைக்குள் முட்டையிடும், குஞ்சு வெளிவரும்வரை சுமப்பது ஆண்தான். ஒரு வேண்டுகோள்: 2001 முதல் கடல் குதிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வலையில் சிக்கியது என்று யாராவது காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும் பள்ளி ஆய்வகத்தில் வாங்கி வைக்க வேண்டாம், படம் போதும். வண்ணத்துப்பூச்சி மீன் போன்றவற்றில் ஆணும் பெண்ணும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். "பார்த்துச் சொல்ல முடியாது" என்பதும் சரியான விடைதான் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்த மாணவி, "சுறாவுல பாத்தாலே தெரியும் சார், அம்மா காட்டித் தந்திருக்காவ" என்றாள். உண்மைதான். ஆண் சுறாவுக்கும் திருக்கைக்கும் இடுப்புத் துடுப்பின் உள்பக்கத்தில் விரல் போன்ற இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும். பாடநூல் அவற்றைக் கிளாஸ்பர் என்கிறது. பெண்ணுக்கு அவை இல்லை. ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்பெற்ற தூத்தூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கிளாஸ்பரைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டியிருக்கிறேன், ஒருநாளும் மீன் சந்தைக்குப் போகச் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பில் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆண் மீன் பெண்ணாக மாறும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பையன் திரும்பி, நடையையும் பேச்சையும் வைத்து எப்போதும் கேலி செய்யப்படும் இன்னொரு மாணவனைக் காட்டி, "இவன மாதிரியா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. அந்த மாணவன் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நான் அதற்குத் தயாராக இருக்கவில்லை. பாடத்தை நிறுத்தி, "கோமாளி மீனின் மாற்றம் அந்த மீனின் உடலமைப்பு. அதை வைத்து எந்த மனிதரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. ஒருவரைச் சிரிக்க வைப்பதற்கு அறிவியலைத் துணைக்கு அழைக்காதே" என்றேன். இதைப் பாடத்தின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் தொடங்குகிறேன். மரபியல் பாடத்தில் வரும் எக்ஸ், ஒய் குரோமோசோம் மனிதர்களுக்கான விளக்கம், எல்லா உயிருக்கும் அதுவே விதி அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.

மீனவப் பிள்ளைகளுக்கு இது தொட்டியோடு முடிகிற செய்தி அல்ல. கலவா பெரும்பாலும் முதலில் பெண்ணாக இருந்து, பெரிதான பிறகு ஆணாகும். கொடுவா முதலில் ஆண், பெரிதானால் பெண். சந்தையில் பெரிய மீனுக்குத்தான் விலை. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் கலவாவில் ஆண் குறையும், கொடுவாவில் முட்டையிடும் தாய் மீன் குறையும். இப்படி விளக்கியபோது, "அப்போ சின்னதப் பிடிச்சா சரியா சார்?" என்று ஒருவன் மடக்கினான். சின்னது வளர்ந்தால்தானே பெரியதாகும் என்று வகுப்பே அவனுக்குப் பதில் சொன்னது.

குஞ்சு பொரிப்பகங்களுக்கும் இதே சிக்கல்தான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இத்தகைய இடங்களில் மீனை வெட்டிப் பார்க்க முடியாதே. மீனை மயக்கி, இனப்பெருக்கத் துளையில் மெல்லிய குழாயைச் செருகிச் சிறிது உறிஞ்சிப் பார்ப்பார்கள். முட்டை வந்தால் பெண், பால் போன்ற விந்துநீர் வந்தால் ஆண். கலவா வளர்ப்பில் பெரிய ஆண் கிடைப்பது அரிது என்பதால் பெண் மீனுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்து மாற்றுவதும் உண்டு.

வகுப்புக்கு நான் கொடுத்த வேலை எளிது. ஒரு வாரம் வீட்டிலும் சந்தையிலும் மீன் வெட்டும்போது அருகில் இருந்து பார்க்க வேண்டும். வயிற்றுக்குள் மணிமணியாகச் சினை இருந்தால் பெண், வழவழப்பான வெள்ளைப் பட்டை இருந்தால் ஆண், இரண்டும் தெளிவாக இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். மீனின் பெயரை ஊரில் சொல்லும்படியே எழுதலாம், நீளத்தைச் சாணில் அளந்தால் போதும். வெட்டும் முன் ஊகத்தையும், வெட்டிய பின் கண்டதையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். விலைக்கு மீன் வாங்கத் தேவையில்லை. மீன் சமைக்காத வீட்டுப் பிள்ளைகளைச் சந்தைக்குப் போகும் பிள்ளைகளோடு சேர்த்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மாணவியின் நோட்டில் ஏழு சுறா இருந்தது. நான்கு ஆண், மூன்று பெண், ஏழிலும் ஊகம் சரி. கடைசி வரியில் ஒரு பெரிய கலவா. 'ஆணாக இருக்கும்' என்று ஊகம் எழுதியிருந்தாள். பக்கத்துக் கட்டம் காலி. "முழுசா வித்துப்போச்சு சார், வெட்டல்ல" என்றாள்.