கார் பேட்டரி மாற்றும்போது

கேள்வி: காருக்குப் புது பேட்டரி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆம்பியர்-மணி அளவு, நீள அகல உயரம், பாசிட்டிவ் முனை இருக்கும் பக்கம் மூன்றும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். முனை பக்கம் மாறினால் கேபிள் எட்டாது. பிராண்டைவிட முக்கியம் தயாரிப்பு மாதம். ஈய-அமில பேட்டரி கடையில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இழக்கும்; நெடுநாள் அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். ஆறு மாதத்துக்கு மேல் பழையதை, தள்ளுபடி எவ்வளவு தந்தாலும், தவிர்ப்பது நல்லது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் நல்ல பேட்டரி மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்குச் சாதாரண பேட்டரி தாங்காது. இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை தேவை. வாரண்டியில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலைக்கழிவு மட்டும் என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும். என்ஜின் ஓடும்போதும் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் அளவு 13 வோல்ட்டைத் தொடாவிட்டால், கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில்தான்.