செப்புத் தகட்டில் ஓர் ஆட்டுக்கிடை

நண்பர் வீட்டுச் சுவரில் பழைய அச்சுப்படம் ஒன்று. பிரெஞ்சு ஓவியர் சார்ல் பிரான்சுவா தோபினி (1817–1878) செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து உருவாக்கியது. பார்த்ததுமே, "அட, நம்ம ஆட்டுக்கிடை!" என்றேன்.

திறந்த வயலில் தட்டி கட்டி, உள்ளே செம்மறி மந்தை. அந்நாட்டு இடையர்கள் சக்கரம் வைத்த குடிலில் கிடைக்குப் பக்கத்திலேயே படுப்பார்கள். தட்டியை இடம் மாற்றி மாற்றி வயல் முழுக்க எருவேற்றுவார்கள். ரசாயன உரம் வந்த பிறகு அங்கேயும் கிடை குறைந்துபோனது.

நானும் கிடையை விட்டுட்டு மூட்டை உரத்துக்குப் போனவன்தான். மண் இறுகியது. போன கோடையில் மறுபடி கிடை போட்டேன். கற்ற பாடம் இது: கிடை எடுத்ததும் வெயிலில் காயவிடாமல் மேலாக உழுதுடுங்க. இல்லேன்னா மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து காற்றோடு போயிடும்.