கம்ப்யூட்டரின் வாசற்காவலன்



கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு திரை வருகிறதல்லவா? லினக்ஸ் கணினியில் அந்த வேலையைப் பார்க்கும் புரோகிராமுக்கு 'டிஸ்ப்ளே மேனேஜர்' என்று பெயர். லாகின் மேனேஜர் என்றும் சொல்வார்கள். அதை அரைகுறையாகப் படித்துவிட்டு நான் கை வைத்ததால், என் நண்பனின் இறுதியாண்டு புராஜெக்ட் அழிந்துபோக இருந்தது. ஆகவே பாடத்தையும் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காவலனின் வேலை

யூனிக்ஸ் உலகில் இதற்கு முன்னோடி 'எக்ஸ்டிஎம்'. 1988-ல் எக்ஸ் விண்டோ 11-ன் மூன்றாம் வெளியீட்டோடு வந்தது. பிறகு ஜிடிஎம், கேடிஎம் என்று பல வந்தன. நான் கை வைத்தது 'லைட்-டிஎம்'. ராபர்ட் ஆன்செல் என்பவர் உருவாக்கியது. 2011 அக்டோபரில் வெளியான உபுண்டு 11.10 இதை ஏற்றுக்கொண்டது.

இதன் வேலையை நான்கு படிகளாகப் பிரிக்கலாம்.

1. ரூட் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும் லைட்-டிஎம், முதலில் திரையை இயக்கும் எக்ஸ் சர்வரைத் துவக்குகிறது.
2. பெயர் கேட்கும் திரையைக் காட்டுவது 'க்ரீட்டர்' என்ற தனி புரோகிராம். இதற்கு ரூட் அதிகாரம் கிடையாது.
3. பாஸ்வேர்டு சரிதானா என்று 'பாம்' என்ற அமைப்பு சோதிக்கிறது.
4. சரி என்றால், அந்தப் பயனரின் பெயரில் டெஸ்க்டாப் 'செஷன்' துவங்குகிறது. செஷன் எந்தக் காரணத்தால் முடிந்தாலும் மறுபடி க்ரீட்டர் வந்துவிடும்.

இந்தக் கடைசி வரியை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அமைப்பது எப்படி?

'எடிசி' அடைவில் 'லைட்-டிஎம்' என்ற உள்ளடைவு இருக்கும். அதில் 'லைட்-டிஎம்.கான்ஃப்' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதில் '[சீட்:*]' என்ற தலைப்பின் கீழ்தான் முக்கியமான வரிகள் வரும். 'க்ரீட்டர்-ஹைடு-யூசர்ஸ்' என்பதற்கு 'ட்ரூ' கொடுத்தால் பயனர் பட்டியல் மறையும். 'க்ரீட்டர்-ஷோ-மேனுவல்-லாகின்' என்பதற்கும் 'ட்ரூ' கொடுத்தால் பெயரை நாமே டைப் செய்யலாம். 'ஆட்டோலாகின்-யூசர்' என்பதில் ஒரு பெயரை எழுதிவிட்டால், பாஸ்வேர்டே கேட்காமல் அந்தக் கணக்கு திறந்துகொள்ளும்.

நான் செய்த தவறு இந்த மூன்றாவதில்தான்.

நடந்தது என்ன?

புராஜெக்டுக்கென ஒதுக்கிய கம்ப்யூட்டரின் நிர்வாகப் பொறுப்பை ஆய்வக ஆசிரியர் என்னிடம் கொடுத்திருந்தார். "தினமும் பாஸ்வேர்டு அடிச்சு அலுத்துப்போச்சுடா" என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் ஒரு பொதுக்கணக்கை ஆட்டோலாகினில் போட்டுவிட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். நானும் பெரிய ஆள் ஆகிவிட்டேன்!

மூன்று வாரம் கழித்து, புராஜெக்ட் சமர்ப்பிக்க இரண்டே நாள் இருக்கையில், டெஸ்க்டாப் வரவில்லை. லாகின் திரை வந்தது. பாஸ்வேர்டு கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து, மீண்டும் அதே லாகின் திரை. பத்து தடவை முயன்றும் அதே கதைதான். நண்பனின் புராஜெக்டுக்கு வேறு நகலும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. "ஃபார்மட் பண்ணிடு, அரை மணி நேரத்துல சரியாயிடும்" என்று ஒருவன் யோசனை சொன்னான். நானும் சிடியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது வந்த ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பாஸ்வேர்டு தப்புன்னு அது சொல்லுச்சா?"

சொல்லவில்லை! அப்படியானால் காவலன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே செஷன்தான் துவங்க முடியாமல் விழுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். கறுப்புத் திரையில் எழுத்து லாகின் வந்தது. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து 'டிஎஃப் -ஹெச்' என்று அடித்தேன். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. பொதுக்கணக்கு என்பதால் யார் யாரோ சினிமாப் படங்களைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

லாகின் ஆகும்போது பயனரின் ஹோம் அடைவில் '.எக்ஸ்அதாரிட்டி' என்ற சிறு ஃபைல் எழுதப்பட வேண்டும். இடம் இல்லாவிட்டால் எழுத முடியாது, செஷன் விழும். 'எக்ஸ்ட்4' ஃபைல் அமைப்பு வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கிறது. அதனால்தான் காவலன் மட்டும் நலமாக இருந்தான்.

முதலில் புராஜெக்டைப் பென்டிரைவில் நகலெடுத்தோம். பிறகே படங்களை நீக்கினோம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தித் திரும்பி வந்து பாஸ்வேர்டு கொடுத்தோம். டெஸ்க்டாப் வந்தது. நண்பன் ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நினைவில் கொள்ள வேண்டியவை

* கான்ஃப் ஃபைலைத் திருத்தும் முன் ஒரு நகல் எடுங்கள்.
* எழுத்து லாகின் வேலை செய்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். அது பின்வாசல்.
* லைட்-டிஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் ஓடும் செஷன் அறுந்துபோகும். எல்லாவற்றையும் சேவ் செய்த பிறகே செய்யுங்கள்.
* டிஸ்கில் இடம் இருந்தும் இதே கோளாறு வந்தால் '.எக்ஸ்அதாரிட்டி' யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். ரூட்டின் பெயரில் மாறியிருந்தால் அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டு லாகின் செய்யுங்கள். புதிது தானே உருவாகும்.
* பலர் புழங்கும் கணினியில் ஆட்டோலாகின் வேண்டவே வேண்டாம்.

அன்று மாலையே அந்த ஆட்டோலாகின் வரியை நீக்கினேன். ஆளுக்கொரு கணக்கு துவக்கினேன். "மறுபடியும் பாஸ்வேர்டா?" என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். தினமும் பத்து வினாடி மிச்சம் பிடிக்கப் போய், நண்பனின் ஆறு மாத உழைப்பைப் பணயம் வைத்தவன் நான். காவலன் நம்மைத் தடுப்பது நம் பொருளைக் காப்பதற்கே என்று கூறி, என் கட்டுரையை நிறைவு செய்கிறேன்.