குட்டிதானே என்று விட்டுவிடலாமா?

மண்சரிவுக்கோ வேறு காரணத்துக்கோ வீட்டையும் காணியையும் விட்டு வந்த குடும்பம், புதிய இடத்தில் கொட்டில் போட்டதும் தேடுவது ஒரு நாய்க்குட்டியைத்தான். கிழங்குப் பாத்திக்குப் பன்றி வருகிறது. அரிசி மூட்டையை எலி கடிக்கிறது. ஆகவே ஒரு பூனைக்குட்டியும் வந்து சேர்கிறது. லயத்தில் யாரோ கொடுத்திருப்பார்கள், அல்லது பிள்ளைகள் பாதையோரத்தில் இருந்து தூக்கி வந்திருப்பார்கள். தாய்க்கு ஊசி போட்டதா என்று எவருக்கும் தெரியாது. நாம் கேட்டால், "குட்டிதானே சாமி, பெரிசானதும் போடலாம்" என்பார்கள்.

இந்த எண்ணம் ஒரு பிள்ளையின் உயிரையே பறித்துவிடக் கூடும். அதனாலேயே இந்தப் பாடம்.

விசர்நாய் நோய்க்கு வயதில்லை

நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நாய் நோயால் 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டவர்களுக்கு ஊசி கிடைத்ததாலும் அந்தத் தொகை அண்மைய காலத்தில் ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனால் நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற மருந்து இல்லை என்பது இன்றும் மாறவில்லை.

விசர் பிடித்த நாய் கடித்தால் சின்னக் குட்டிக்கும் நோய் வரும். அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே அதன் எச்சிலில் கிருமி இருக்கும். எல்லாக் குட்டியும் வெறிகொண்டு ஓடாது. சில மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கைவிடாதீர்கள்.

தடுப்பூசி முகாம்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் விட்டுவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே முகாம் வரும் நாளில் குட்டியைக் கூடையில் வைத்தாவது கொண்டு செல்லுங்கள். மறு ஊசி எப்போது என்று கேட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். பூனைக்கும் அவ்வாறே.

முதல் மூன்று மாதங்கள்

1. சூடு: பிறந்த குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. நுவரெலியாக் குளிரில் ஈரத் தரை அதற்கு எமன். பெட்டியில் சாக்கும் பழந்துணியும் விரித்து, தாயுடன் வையுங்கள். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

2. பூச்சி மருந்து: நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலும் பாலிலும் இருந்தே புழு தொற்றுகிறது. இரண்டாம் கிழமை தொடங்கி எட்டாம் கிழமை வரை இரு கிழமைக்கு ஒரு தடவையும், பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும் மருந்து கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு மூன்றாம் கிழமையில் தொடங்கலாம். தாய்க்கும் கொடுங்கள். அளவு நிறையைப் பொறுத்தது. கால்நடை வைத்தியரிடம் கேட்டே கொடுங்கள்.

இது குட்டிக்காக மட்டுமல்ல. கொக்கிப்புழுவில் ஒரு வகைக்கு நம் நாட்டின் பெயரால் 'செய்லானிக்கம்' என்றே பெயர். அது நாய், பூனை, மனிதர் மூவரையும் பிடிக்கும். அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோல் வழியாகக் கொக்கிப்புழு உட்புகுந்து இரத்தத்தைக் குறைக்கிறது. 1916இலேயே தோட்டங்களில் இதற்கு எதிராகப் பெரும் இயக்கம் நடந்தது. குட்டியின் மலத்தை அன்றன்றே புதையுங்கள்.

3. வயிற்றோட்டம்: இரத்தத்தோடு கழிந்து, வாந்தியும் எடுத்தால் அது 'பார்வோ' நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் குட்டி செத்துவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். இதற்குத் தனித் தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கிப் பல தடவை போட வேண்டும்.

4. பனடோல் வேண்டாம்: பூனைக்கு ஒரு பனடோல் வில்லையே நஞ்சாகி உயிரை எடுக்கும். நாய்க்கும் நம் மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

5. இரவு: ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. குட்டியை வெளியே கட்டாதீர்கள்.

குட்டி கடித்தால், கீறினால்

அடிப்பார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் காயத்தை மறைப்பதுண்டு. "கடித்தால் சொல்லு, ஏச மாட்டோம்" என்று இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூளோ, கோப்பித்தூளோ, சுண்ணாம்போ வைக்க வேண்டாம். உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசருக்கு எதிரான ஊசி அங்கு இலவசம். ஒரு நாள் சம்பளம் போகும் என்று தயங்காதீர்கள். குட்டியைக் கொன்றுவிடாமல் 14 நாட்கள் கட்டி வைத்துக் கவனியுங்கள். ஆனால் வைத்தியரிடம் போக அந்த நாட்கள் முடியும்வரை காத்திராதீர்கள். குட்டி நோய்ப்பட்டாலோ, செத்தாலோ, காணாமற் போனாலோ உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள்.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குடியிருப்பில் எத்தனை நாய், பூனைகள் உள்ளன? எத்தனைக்கு ஊசி அட்டை இருக்கிறது?
2. நாம் விட்டுவந்த ஊரில் அநாதையாகத் திரியும் நாய்களுக்கு யார் பொறுப்பு?
3. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் ஊசி முகாம் கேட்டு விண்ணப்பம் கொடுக்க யார் போவது?

மூன்றாவது கேள்விக்கு இரண்டு பெயர்கள் எழுதப்படாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். நம்மை நம்பி வந்த குட்டிக்கும், அதைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்கும் பாதுகாப்பு அங்கேதான் தொடங்குகிறது.