பிள்ளையின் கேள்வியும் பெரியோரின் விடையும்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை வட இலங்கையிலே கங்கண சூரியகிரகணம் தென்பட்டது. அன்று எமது ஊர் வீடுகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே காட்சிதான். "பாம்பு சூரியனை விழுங்குது, வெளியிலை போகக்கூடாது" என்று அப்பம்மா பேரப்பிள்ளையைப் பிடித்து உள்ளே இருத்தினார். பிள்ளையோ சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருவதே சூரியகிரகணம் என்று விஞ்ஞானப் பாடத்திலே படித்திருந்தது. சற்று நேரம் யோசித்துவிட்டுத் தாயிடம் போய்க் கேட்டது: "அம்மா, அப்பம்மா சொன்னது பொய்யோ, புத்தகத்திலை இருக்கிறது பொய்யோ?"

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது கிரகணம் பற்றிய கேள்வி. ஆழ்ந்து பார்த்தால் அந்தப் பிள்ளை அறிய விரும்பியது வேறொன்று. "நான் யாரை நம்புவது?" என்பதே அதன் மனத்திலுள்ள கேள்வி. "சும்மா இரு, சாமிக் குற்றம்" என்று வாயை அடைத்தால் பிள்ளை எம்மை நம்புவதை விட்டுவிடும். "அப்பம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று சிரித்தால் அப்பம்மா கற்றுத்தந்த தேவாரத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும். சைவநெறிப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் ஒரே புத்தகப் பையில் இருக்கும் இக்காலத்தில், இவ்விரண்டுக்கும் நடுவே பிள்ளையை எவ்வாறு வளர்ப்பது என்பது ஒவ்வொரு சைவப் பெற்றோரும் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

பஞ்சாங்கம் காட்டும் வழி

அந்தத் தாய் செய்திருக்கக்கூடிய நல்ல காரியம் ஒன்றுண்டு. சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கலாம். கிரகணம் தொடங்கும் நேரமும் விடும் நேரமும் முன்கூட்டியே அதிலே அச்சிடப்பட்டிருக்கும். பாம்பு எப்போது விழுங்கும் என்பதை யாராலும் கணக்கிட முடியாது. சந்திரனின் ஓட்டத்தைக் கணக்கிடலாம். அக்கணக்கைச் செய்தவர்கள் எமது மரபைச் சேர்ந்த கணித வல்லுநர்களே.

476இல் பிறந்த ஆரியபட்டர் 499இல் இயற்றிய ஆரியபட்டீயத்திலே, சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதுமே கிரகணங்கள் என்று விளக்கியிருக்கிறார். சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையை இரண்டு இடங்களில் வெட்டுகின்றது. கணிதத்தில் அவ்விரு புள்ளிகளுக்கும் இராகு, கேது என்று பெயர். அமாவாசை அப்புள்ளிகளுள் ஒன்றை அண்டி வரும்போது சூரியகிரகணமும், பூரணை அவ்வாறு வரும்போது சந்திரகிரகணமும் நிகழ்கின்றன. ஆகவே அப்பம்மா பொய் சொல்லவில்லை. தமக்குச் சொல்லப்பட்ட கதையை அவர் அன்போடு சொன்னார். கதைக்குப் பின்னாலிருந்த கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்ற எச்சரிக்கை முற்றிலும் உண்மை; விழித்திரை பழுதாகிவிடும். ஆனால் அந்நேரத்தில் உணவு நஞ்சாகிவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. அதன்பொருட்டுக் கர்ப்பிணித் தாயைப் பட்டினி போடுவது தகாது. கிரகண நேரத்தில் செபமும் தியானமும் செய்ய விரும்புவோர் தாராளமாகச் செய்யலாம். வழிபட எந்த நேரமும் நல்ல நேரமே.

கேள்வி எமக்குப் புதிதன்று

கேள்வி கேட்பது நாத்திகத்தின் அடையாளம் என்று எம்மவருள் சிலர் எண்ணுகின்றனர். எமது சாத்திரங்களைப் புரட்டினால் அவ்வெண்ணம் நீங்கும். சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களையும் ஆணையாகச் சொல்லி முடிக்கவில்லை. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஒவ்வொன்றையும் காரணங்காட்டி நிறுவுகின்றது. சிவஞானசித்தியார் தொடக்கத்திலேயே அளவை பற்றிப் பேசுகின்றது. ஒன்றை நாம் எவ்வாறு அறிகிறோம், கண்டா, கருதியா, பெரியோர் உரையாலா என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட்டே பொருளுக்குள் நுழைகின்றது. அதன் பரபக்கத்திலே கடவுளை மறுக்கும் உலகாயதரின் வாதம் முதலில் எடுத்துவைக்கப்பட்டு, அதன்பின்னரே மறுக்கப்படுகின்றது. மறுப்பவனின் பேச்சை முழுமையாகக் கேட்டபின் விடை சொல்லும் பண்பு அது.

சிவஞானசித்தியாரை அருளிய அருணந்தி சிவாசாரியார் வயதிலே மூத்தவர். சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்டவர். அவர் தம்மிலும் மிக இளையவரான மெய்கண்டாரிடம் வினாவோடு சென்று, விடை பெற்று, அவருக்கே மாணாக்கரானார் என்பது மரபு. தந்தையாகிய சிவபெருமான் மைந்தனாகிய முருகப்பெருமானிடம் பிரணவப் பொருளைக் கேட்டருளிய வரலாற்றைச் சுவாமிமலைப் படத்திலே நாம் தினமும் பார்க்கின்றோம். பெரியவர் சிறியவரிடம் செவிசாய்ப்பதை எமது சமயம் இழிவாகக் கொள்ளவில்லை.

1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமானும் சிறுவருக்கான சமய நூலைச் சைவ வினாவிடை என்றே அமைத்தார். இன்று நாம் செய்யும் தவறு யாதெனில், வினாவையும் நாமே சொல்லி விடையையும் நாமே சொல்லி இரண்டையும் மனனஞ் செய்விப்பதோடு நிறுத்திவிடுவதே. பிள்ளையின் சொந்த வினாவுக்கு இடம் வைப்பதில்லை.

இதனை என்னையும் சேர்த்தே சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் அறநெறி வகுப்பிலே ஒரு மாணவன், "யானைத் தலையைச் சின்னப் பிள்ளையின்ரை கழுத்திலை எப்பிடிச் சேர் பொருத்தினது?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நான் "இப்படிக் கேட்பது பாவம்" என்று அதட்டினேன். அடுத்த வாரமும் அவன் வந்தான்; ஆனால் அதன்பின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில மாதங்களில் வகுப்புக்கு வருவதையும் விட்டுவிட்டான். கெட்ட எண்ணத்தோடு அவன் கேட்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் கழித்தே உறைத்தது. சத்திரசிகிச்சையைப் பற்றிய வினாவாக அதனை எடுத்துக்கொள்ளாமல், "இந்த வடிவம் எதனைக் குறிக்கின்றது என்று பார்ப்போமா?" என்று நான் தொடங்கியிருக்கலாம். பெரிய செவி நிரம்பக் கேட்கச் சொல்கின்றது. பெருவயிறு உலகமெல்லாம் தன்னுள் அடக்கம் என்கின்றது. புராணக் கதையை அதன் பொருளோடு கொடுத்தால் பிள்ளை வளர்ந்த பின்னும் அது கூடவே வளரும்.

நம்பிக்கை உயிரோடு விளையாடலாகாது

கதையின் பொருளைப் பற்றிப் பேசும்போது அவசரமில்லை. உடலின் நோயைப் பற்றிப் பேசும்போது அவசரமுண்டு. கொப்பளிப்பானை நாம் அம்மாள் வருத்தம் என்கிறோம். காய்ச்சலிலே படுத்திருக்கும் பிள்ளையின் காதுபட "அம்மாளுக்குக் கோபம்" என்று சொல்லும்போது, "நான் என்ன பிழை செய்தேன்?" என்று அது தனக்குள் அழுவதை நாம் காண்பதில்லை. அந்நோய் ஒரு வைரசினால் வருவது. மூச்சினாலும் கொப்புள நீரினாலும் பரவுவது. வருத்தக்காரரைத் தனியே வைத்து, வருவோர் போவோரைத் தவிர்த்த எம் முன்னோரின் வழக்கம் நோய் பரவாமல் தடுக்க உதவியது. அதனைக் கைவிட வேண்டியதில்லை. அதேவேளை கடுங்காய்ச்சல், மூச்சு முட்டுதல், மயக்கம் போன்றவை கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாக மக்களைக் கொன்ற பெரியம்மை, தடுப்பூசியினால் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மாள் எமக்குத் தாய். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதற்காகக் கோபிக்கும் தாய் எங்கே இருக்கின்றாள்?

பாம்புக்கடியும் இவ்வாறே. நாகதம்பிரானுக்குப் பால் வைத்துக் கும்பிடுவது எமது வழக்கம். ஆனால் புடையனோ நாகமோ தீண்டிய பிள்ளையை மந்திரிக்கக் கொண்டு திரிந்து நேரத்தைப் போக்குதல் பெருந்தவறு. கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்து, வெட்டாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் உண்டு. போகும் வழியெல்லாம் நாகதம்பிரானை வேண்டிக்கொண்டே போகலாம். இதனைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

போலி விஞ்ஞானம் வேண்டாம்

சமயத்தைக் காப்பதாக எண்ணிச் சிலர் ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு விஞ்ஞான விளக்கத்தைக் கற்பித்துவிடுகின்றனர். திருநீறு தலையிலுள்ள நீரை உறிஞ்சுமாம். கோயில் மணியோசை கிருமிகளைக் கொல்லுமாம். இவற்றை நம்பி வளர்ந்த பிள்ளை உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் கற்கும்போது இவற்றுக்கு ஆதாரமில்லை என்று கண்டால், திருநீற்றையே அழித்துவிடும். எல்லாம் ஒருநாள் நீறாகும், ஆகையால் செருக்கு வேண்டாம் என்பதை நெற்றியிலே நாளும் நினைவூட்டுவது திருநீறு. அந்த உண்மைக்கு எந்த ஆய்வுகூடத்தின் சான்றிதழும் தேவையில்லை.

சில கேள்விகள் எம்மையே சுடும். "முந்தி ஏன் சில ஆக்களைக் கோயிலுக்குள்ளை விடேல்லை?" என்று பிள்ளை கேட்கலாம். சாதி காரணமாக ஒருவரை வழிபாட்டிடத்தில் தடுப்பது 1957இல் இந்நாட்டில் சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. "அது பிழைதான்" என்று தலைகுனிந்து சொல்வதே இக்கேள்விக்குரிய விடை. நந்தனாரை நாயனாராகக் கும்பிடும் நாம் வேறு விடை சொல்ல முடியாது. மரபிலே எது அறம், எது அழுக்கு என்று பிரித்தறியப் பிள்ளைக்கும் பகுத்தறிவு வேண்டும்.

பகுத்தறிவு என்ற பெயரால் எல்லாவற்றையும் எள்ளி நகையாடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பஞ்சபுராணம் ஓதும்போது பிள்ளை பெறும் தமிழும் இசையும், அன்னதானத்தில் கறி பரிமாறும்போது பெறும் பணிவும், தேர் வடத்தை ஊரோடு சேர்ந்து பிடிக்கும்போது பெறும் உறவும் வேறெங்கும் எளிதிற் கிடைப்பனவல்ல. அவற்றைப் பிள்ளைக்குக் கொடாமலே மறுத்துவிட்டால், பின்னாளில் வேண்டுமென்றோ வேண்டாமென்றோ தேர்ந்துகொள்ள அதனிடம் ஒன்றும் இராது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, "சாமி கண்ணைக் குத்தும்" என்ற மிரட்டலை இன்றோடு விடுவோம். அச்சத்தால் வந்த பக்தி அச்சம் தெளிந்ததும் போய்விடும். இரண்டாவது, விடை தெரியாதவிடத்து "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கின்றேன்" என்று சொல்லப் பழகுவோம். சொன்னபடி குருக்களிடமோ ஆசிரியரிடமோ கேட்டும் சொல்வோம். மூன்றாவது, எப்படி நிகழ்கின்றது என்ற கேள்விக்கு விஞ்ஞானத்தையும், எப்படி வாழ்வது என்ற கேள்விக்குச் சமய அறத்தையும் துணைக்கொள்ளக் காட்டிக்கொடுப்போம். நான்காவது, அறநெறி வகுப்பிலே கடைசிப் பத்து நிமிடங்களைப் பிள்ளைகளின் கேள்விக்கென ஒதுக்குவோம். அங்கே எக்கேள்விக்கும் அதட்டல் இருத்தலாகாது.

அடுத்த கிரகணத்தின்போது எம் வீட்டுப் பிள்ளை அப்பம்மாவின் அருகில் அமர்ந்து இராகு கேதுக் கதையைக் கேட்கட்டும். பின்பு பஞ்சாங்கத்தைப் பார்த்து நேரத்தை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். பாதுகாப்பான கண்ணாடியொன்றைத் தேடியெடுத்து, அப்பம்மாவையும் முற்றத்துக்கு அழைத்துவந்து வானத்தைக் காட்டட்டும். அன்று மாலை இருவரும் கைகோத்துக் கோயிலுக்கு வரட்டும். கேள்வியோடு வரும் பிள்ளைகளையும் தன் சந்நிதியிலே வரவேற்று, அவர்களுக்கு நல்லறிவும் நல்லன்பும் ஒருங்கே பெருக எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.