மரங்களில் தட்டுப்போல் வளரும் காளான்கள்: அவை உண்ணத்தக்கனவா?

மழைக்காலத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம் தீவின் தென்னந்தோப்புகளிலும், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் புளி, வாகை, புங்க மரங்களின் தூர்களிலும் தட்டுப்போன்ற காளான்கள் வெளிப்படுதல் உண்டு. இவற்றைச் சமைத்துண்ணலாமா என்று குடியானவர்கள் வினவுகின்றனர். விடை காண, முதலில் காளானைத் திருப்பி அதன் அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும்.

அடையாளங்கள்

1. மேற்புறம் மெருகெண்ணெய் பூசியதுபோல் செம்பழுப்பாய்ப் பளபளத்து, வளரும் விளிம்பு வெண்மையாய், அடிப்புறம் ஊசிமுனையளவுத் துளைகளுடன் இருப்பின், அது கனோடெர்மா வகையாகும். முற்றியபின் கட்டைபோல் இறுகிவிடும், உணவாகாது. சீனம், ஜப்பான் தேசங்களில் இவ்வினத்துட் சில மருந்துச் சரக்காக வளர்க்கப்படுகின்றன. அதுகொண்டு, நம் தோப்பில் கிடைத்ததைக் கஷாயமிட்டுப் பருகுதல் தகாது.

2. மிருதுவாய், வெண்மை அல்லது சாம்பல் நிறமாய், அடிப்புறத்தில் மடிப்புகள் காம்புவரை இறங்கியிருப்பின், அது சிப்பிக்காளானாக இருக்கலாம். எனினும் அதையொத்த வேறு காளான்களும் உளவாதலால், விதைவித்திட்டு வைக்கோலில் வளர்த்ததையே உண்க.

வெள்ளிக்காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, புழு தின்றிருக்கிறது என்னும் சோதனைகள் யாவும் பயனற்றவை. சில கொடிய காளான்களின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்தே வாந்தியும் பேதியும் தோன்றும். பின்னர்ச் சற்றுக் குணமானதுபோல் காட்டிக் கல்லீரலைக் கெடுக்கும். ஆகையால், ஐயமேற்படின் தாமதியாது, எஞ்சிய காளானுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

தோப்புக்கு வரும் கேடு

தென்னந்தூரில் தோன்றும் தட்டுக்காளான், நோயின் தொடக்கமன்று, முடிவாகும். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டமையால், இந்நோய் தஞ்சாவூர் வாடல் எனப்படுகிறது. இதன் பூஞ்சாணம் வேரையும் தூரையும் உள்ளே அழுகச் செய்யும். வெளிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்குதலும், தூரிலிருந்து செம்பழுப்பு நீர் கசிதலும் முன்னறிகுறிகள்.

காளான் தோன்றிய மரத்தைத் தூரோடும் வேரோடும் அகற்றி எரித்துவிடுக. நோயுற்ற மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் அகழி வெட்டுக. அம்மரத்துப் பாத்தி நீர் மற்ற மரங்களுக்குப் பாயாதவாறு தடுக்க. மற்ற மரங்களின் வேர் அறுபடும்படி உழலாகாது. மரமொன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுக. அறிகுறி தொடங்கிய மரத்தின் பாத்தியில் ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றுக. இதற்கு மயில்துத்தம் 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம் வேண்டும். இரண்டையும் தனித்தனியே கரைத்து, உலோகமல்லாத பாத்திரத்தில், சுண்ணாம்பு நீரில் துத்தநீரை மெல்லச் சேர்த்திடுக. தென்னையினிடையே வாழை பயிரிடுதலும் நோயைத் தணிக்கும்.

கிராம அலுவலர்கள் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. சாலையோர மரத்தின் தூரில் தட்டுக்காளான் இருப்பின், மேலே தழை பசுமையாயிருப்பினும் உள்மரம் உளுத்திருக்கலாம், காற்றில் சாயக்கூடும். உடனே மேலதிகாரிகளுக்கு எழுதித் தெரிவித்தல் நலம்.

காளானுணவை விரும்புவோர் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகி, வளர்ப்பு முறையைக் கேட்டறிந்து பயன்பெறுவாராக.